அழாதவள் என்று சொன்னாயே

எய்யா,

தபால்காரர் இந்தக் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து தந்தால் அங்கே வைத்துப் பிரிக்காதே. வீட்டுக்குக் கொண்டுபோய், முகம் கழுவி, அடுப்பில் என்ன இருக்கிறதோ அதைச் சாப்பிட்டுவிட்டுப் படி. வெறும் வயிற்றோடு படிக்கிற கடிதம் இல்லை இது. நீளமாகவும் இருக்கும். போர்டிங்கில் படித்த காலத்தில், மற்றப் பிள்ளைகளின் வீட்டிலிருந்து பக்கம் பக்கமாக வருகிறது, எனக்கு மட்டும் அம்மா இரண்டு வரிதான் எழுதுகிறாள் என்று குறைப்பட்டுக்கொண்டாயே, அந்தக் குறை இன்றோடு தீரட்டும். அப்போது ஏன் இரண்டு வரி என்பதும் இதில் வரும்.

நம் கிருபையை அடக்கம் செய்துவிட்டு நான் ஊர் திரும்பியதிலிருந்து உன் முகந்தான் கண்ணுக்குள் நிற்கிறது. இரண்டு வயதுப் பிள்ளை, காய்ச்சலில் துவண்டு, உன் தோளிலேயே போய்விட்டது. அப்புறம் நீ செய்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசாரியிடம் பெட்டிக்கு அளவு சொன்னது நீ. வந்தவர்களுக்குக் கருப்பட்டிக் காப்பி போடச் சொன்னது நீ. வாசலில் நின்று ஒவ்வொருவரையும் உள்ளே வரச் சொன்னது நீ. கல்லறைத் தோட்டத்தில் பாட்டின் ராகம் தப்பியபோது எடுத்துக் கொடுத்ததும் நீதான். உன் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. வாத்தியார் எவ்வளவு திடமாயிருக்கிறார் பார் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அந்தத் திடத்தை எனக்குத் தெரியும். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் தெரியும்.

இன்னொன்றும் நடந்தது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். பெட்டியை மூடப்போகும்போது ஞானப்பூ அதன்மேல் முகத்தை வைத்துக்கொண்டு, பிள்ளை பெயரைச் சொல்லிக் கதறினாள். பள்ளிக்கூட வளவில் குடியிருக்கும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நீ குனிந்து உன் மனைவியின் காதோடு ஏதோ சொன்னாய். எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பாய். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் செம்போடு பக்கத்தில்தான் நின்றேன்.

"அழாத ஞானம். தங்கச்சி போனப்ப எங்க அம்மை ஒரு சொட்டுக் கண்ணீர் விடல, தெரியுமா? இங்கனதான் நிக்காவ, பாரு."

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பரீட்சையில் தவறிப்போன பிள்ளை, தேறிவிட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வாயை மூடினாள். அதற்கப்புறம் நான் புறப்படும்வரை அவள் அழவில்லை. மறுநாள் காலையில் எல்லோருக்கும் கஞ்சி ஊற்றினாள். யாராவது ஏதாவது சொன்னால் லேசாகச் சிரித்தாள். அந்தக் கஞ்சியில் உப்பே இல்லை. நீ கவனிக்காமல் குடித்து முடித்துக் கை கழுவப் போனாய். எனக்கு ஒரு வாய்க்குமேல் இறங்கவில்லை. அதே கஞ்சியை நானும் காய்ச்சியிருக்கிறேன், எய்யா. எத்தனையோ மாதம் காய்ச்சியிருக்கிறேன்.

நீ அவளிடம் சொன்னது பாதிக் கதை. அந்தப் பாதியும் உனக்கு வேறு வாய்களிலிருந்து வந்தது. மீதியை நான் சொல்கிறேன்.

நாம் அப்போது வடகால் வாய்க்கால் பாயும் ஊரில் இருந்தோம். உன் அப்பா உபதேசியார். அந்த ஊரில் சில குடும்பங்கள் அப்போதுதான் சபையில் சேர்ந்திருந்தன. ஒரு கால் கோவிலுக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக நின்றவர்கள். நல்லது கெட்டது எது வந்தாலும் உபதேசியார் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துத்தான் அவர்கள் செய்வார்கள். நான் எந்தக் கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறேன் என்பதுகூட அவர்களுக்குப் பாடம். வாய்க்காலை அடைத்துவிட்டு, ஊற்று தோண்டித் தண்ணீர் எடுக்கிற காலத்தில் வாந்திபேதி வந்தது. உன் தங்கை செல்லப்பூ காலையில் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டு விளையாடினாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போய்விட்டாள். நாலு வயது. உன் சிலேட்டை எடுத்துக்கொண்டு தரமாட்டேன் என்று ஓடுவாளே, நினைவிருக்கிறதா?

ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். சாவு வீடென்றால் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, தலையோடு தலை சேர்த்து, செத்தவர்களைச் சொல்லிச் சொல்லி ஒப்பாரி வைப்பார்கள். அது நம்பிக்கையில்லாதவர்கள் செய்வது, உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறவர்கள் அப்படிப் புலம்பக் கூடாது என்று சபையில் கண்டிப்பு. புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்போம். நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தாயைப் பறிகொடுத்த ஒரு பெண்ணை, வாய் திறந்து அழுததற்காக, இதே வாயால் கண்டித்திருக்கிறேன். இப்போது என் பிள்ளை பாயில் கிடக்கிறது, அவர்களெல்லாம் வாசலில் நிற்கிறார்கள். உன் அப்பா என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டார்.

"ஏளா, அத்தனை பேரும் நம்மளப் பாத்துக்கிட்டு நிக்காவ. நம்ம வீட்டுலயே ஒப்பாரி கேட்டா நாளைக்கு எந்த மொகத்தோட போதிக்க?"

கல்நெஞ்சோடு சொன்னார் என்று நினைக்காதே. சொல்லும்போது அவருக்குத் தலைப்பாவைக் கட்ட வரவில்லை. நான்தான் கட்டிவிட்டேன். கட்டிவிட்டு வெளியே வந்து பாட்டுப் பாடினேன். கல்லறைத் தோட்டம் போய் வரும்வரை பாடினேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று ஊர் சொன்னது மெய்தான். விடவில்லை.

அதற்கப்புறம் எனக்குக் கிடைத்த பெருமையைக் கேட்டால் நீ சிரிப்பாய். குருவானவர் சங்கக் கூட்டத்தில் என்னைப்பற்றிப் பேசினார். பக்கத்து ஊர் உபதேசியார்கள் தங்கள் சபைகளில் பேசினார்கள். அழாத அம்மாளைப் பார்க்க வேண்டும் என்று மாட்டு வண்டி கட்டிக்கொண்டு பெண்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கு மோர் ஊற்றியே என் கை ஓய்ந்தது. என் முகத்தை உற்று உற்றுப் பார்த்துவிட்டு, எவ்வளவு சமாதானம் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது, பொய் சொல்வானேன். பிள்ளை போன இடத்தில் வேறொன்றும் இல்லை, அந்தப் பெயராவது இருந்தது. பெயர் வாங்கியபிறகு அழ முடியுமா? அடுப்படியில் தனியாக இருக்கும்போதுகூட, கண் கரித்துக்கொண்டு வந்தால் வேறு எதையாவது நினைத்து விழுங்கிவிடுவேன். விழுங்கி விழுங்கி, ஒரு கட்டத்தில் வருவதே நின்றுபோயிற்று.

அதோடு மற்றதும் நின்றுபோயிற்று. இதைத்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். துக்கம் என்றால் அழுகை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு வந்தது அப்படி இல்லை. முதலில் ருசி போயிற்று. புளிக்கும் உப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை, குழம்பில் ஒன்று இருக்கும், ஒன்று இருக்காது. அப்புறம் தூக்கம் போயிற்று. படுத்தால் வாசலில் கொலுசுச் சத்தம் கேட்பதுபோல் இருக்கும். பகலில் கழுவிய பானையையே மறுபடியும் கழுவிக்கொண்டு நிற்பேன். தலை சீவுவது பெரிய மலையேறுவதுபோல் ஆகிவிட்டது. யார் வந்தாலும் சிரிப்பேன். உள்ளே ஒன்றும் இருக்காது. ஒருநாள் நீ பள்ளிக்கூடம் விட்டுப் பசியோடு ஓடி வந்து என் முன்னால் நின்றாய். நான் உன்னைப் பார்த்து, "யாரு வேணும்?" என்று கேட்டேன்.

நீ அதை மறந்திருக்கலாம். மறக்காமலும் இருக்கலாம். இத்தனை வருஷத்தில் உன்னிடம் அதைக் கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. நீ போய் மூலையில் உட்கார்ந்துகொண்டாய். உன் அப்பா வந்து பார்த்தபோதும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாய். அந்த மாதமே உன்னைப் பாளையங்கோட்டைக்கு அழைத்துப்போய்ப் போர்டிங்கில் சேர்த்தார். படிப்புக்காகச் சேர்த்தோம் என்று நீ நம்பியிருக்கிறாய். படிப்பும் ஒரு காரணந்தான். உன்னைச் சாப்பிட வைக்க வீட்டில் ஆள் இல்லை என்பது இன்னொரு காரணம். உனக்கு வந்த இரண்டு வரிக் கடிதமும் அதனால்தான். மூன்றாவது வரிக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. அக்கம்பக்கத்தில் பேய் பிடித்திருக்கிறது, மந்திரிக்க வேண்டும் என்றார்கள். நம் ஆட்கள் விசுவாசம் குறைந்துவிட்டது, உபவாசமிருந்து ஜெபிக்க வேண்டும் என்றார்கள். இரண்டு பேச்சுக்கும் அதிக வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. இரண்டிலும் குற்றம் என்னிடத்தில்தான். நான் உபவாசத்தைப் பிடித்துக்கொண்டேன். பசியே இல்லாதவளுக்கு உபவாசம் என்ன கஷ்டம்? வாரத்தில் பாதி நாள் பட்டினி. அது ஜெபமில்லை எய்யா, அது என்னையே தேய்த்துக்கொண்டது. ஜெபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, இன்றைக்கும் அதில்தான் நிற்கிறேன். ஆனால் மனம் உடைந்து கிடக்கிறவர்களைப் பட்டினி போடாதே. ஞானப்பூ உபவாசமிருக்கப் போகிறேன் என்று சொன்னால், நீ வாத்தியார் அதிகாரத்தையெல்லாம் காட்டி, வேண்டாம் என்று சொல். கஞ்சியோ கூழோ, நேரத்துக்கு இரண்டு வாய். உப்பை நீ போடு. நீயும் கூட உட்கார்ந்து குடி.

இனி சொல்வதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டிருந்த காலம். காலையில் குடத்தோடு போனேன். படியில் இறங்கினேன். ஏற வேண்டாம் என்று தோன்றியது. சாக வேண்டும் என்றெல்லாம் ஆவேசம் இல்லை. களைப்பு, அவ்வளவுதான். அந்த நேரத்தில் பக்கத்துத் துறையில் இசக்கியம்மாள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வயல் வேலைக்குப் போகிறவள். எங்கள் சபையும் இல்லை, எனக்குப் பழக்கமும் இல்லை.

"உபதேசியாரம்மா, இந்த முனையக் கொஞ்சம் பிடிங்களேன். ஒத்தையாப் பிழிய முடியல."

போய்ப் பிடித்தேன். ஈரச் சேலை கனமாயிருந்தது. அவள் ஒரு பக்கம் முறுக்க, நான் ஒரு பக்கம் முறுக்கினேன். தண்ணீர் முழங்கையில் வழிந்து ஓடியது. ஒன்று முடிந்ததும் அடுத்ததைக் கொடுத்தாள். வெயில் ஏறிவிட்டது. குடத்தை நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாளா, உண்மையாகவே கை தேவைப்பட்டதா, நான் கேட்டதில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் வாய்விட்டுச் சொன்னேன், எனக்கு வாய்க்காலைப் பார்த்தால் பயமாயிருக்கிறது என்று. அவர் வேத வசனம் எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து தண்ணீர் எடுக்க அவரும் கூட வந்தார். உபதேசியார் குடம் தூக்குகிறார் என்று ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தார்.

ஞானப்பூ அப்படி ஏதாவது ஜாடையாகச் சொன்னால், நான் பாரமாயிருக்கிறேன், நான் போய்விட்டால் உங்களுக்கு நல்லது என்று சொன்னால், அதட்டாதே, பேச்சை மாற்றாதே. நேராகக் கேள். சாக வேண்டும்போல் இருக்கிறதா என்றே கேள். கேட்டால் அந்த நினைப்பு வந்துவிடும் என்று பயப்படாதே. அது ஏற்கனவே வந்திருந்தால், யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருக்கும். அவளைத் தனியாக விடாதே. உடனே பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ, எனக்கும் ஆள் அனுப்பு. அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை. காய்ச்சலுக்குக் கூட்டிக்கொண்டு போக மாட்டாயா?

சில மாதம் கழித்து இசக்கியம்மாளின் மகனைப் பாம்பு தீண்டிவிட்டது. களை எடுக்கும் வயலில் நடந்தது. சேதி கேட்டு நான் புறப்பட்டேன். சபையைச் சேராத வீடு, சாவு வீடு, அங்கே உபதேசியார் சம்சாரம் போனால் வாசலில் நின்று ஆறுதல் சொல்லிவிட்டு வருவதுதான் முறை. அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன், கையில் வேதப்புத்தகத்தோடு. பெண்கள் முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். இசக்கியம்மாள் மகனைச் சொல்லி அழுதாள். அவன் சாப்பிட்ட சட்டியைச் சொன்னாள், அவன் கட்டின வேட்டியைச் சொன்னாள், அவன் கேட்டும் தான் வாங்கிக் கொடுக்காததைச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் மற்றவர்கள் கூடவே குரல் கொடுத்தார்கள். அவள் நிமிர்ந்தபோது நான் நிற்பதைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளின் தோளிலிருந்து ஒரு கையை எடுத்து என் பக்கமாக நீட்டினாள்.

நான் உட்கார்ந்துவிட்டேன். புத்தகத்தை எங்கே வைத்தேன் என்று தெரியாது. இரண்டு பக்கத்திலிருந்தும் தோளில் கை விழுந்தது. கை விழுந்ததும் எனக்குள்ளே ஏதோ விட்டுப்போயிற்று. செல்லப்பூ, என் செல்லப்பூ என்று கத்தினேன். சாவு வேறு வீட்டுச் சாவு, பிள்ளை வேறு பிள்ளை, அதைப்பற்றி ஒருத்திகூட என்னைக் கேட்கவில்லை. அவர்கள் தங்கள் தங்கள் பிள்ளையையும் தாயையும் சொல்லித்தான் அழுதுகொண்டிருந்தார்கள். நான் உன் தங்கையின் கொலுசைச் சொன்னேன், உன் சிலேட்டைச் சொன்னேன், கடைசியாக அவள் தண்ணீர் கேட்டதையும், தண்ணீர் கொடுத்தால் பேதி கூடிப்போகும் என்று யாரோ சொன்னதை நம்பி நான் கொடுக்காததையும் சொன்னேன். மார்பில் அடித்துக்கொண்டேன். குரல் போகிறவரை அழுதேன்.

சேதி நான் வீடு வருமுன்னே சபைக்குப் போய்விட்டது. உன் அப்பா என்னைத் தேடிக்கொண்டு வேகமாக வந்தார். வாய்க்கால் கரையில் பார்த்துக்கொண்டோம். தலை அவிழ்ந்து, முகம் வீங்கி நான் நின்ற கோலம் அவருக்கு எப்படியிருந்திருக்கும்? திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"நம்ம செல்லப்பூவச் சொல்லியா அழுத?"

ஆமாம் என்றேன். பிள்ளை போனபிறகு அவர் அந்தப் பெயரை வாயில் எடுத்ததே அன்றைக்குத்தான்.

"எனக்கும் அவளச் சொல்லி அழணும்ளா. எப்படின்னுதான் தெரியல."

நான் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். கரையில் போகிற வருகிற எல்லோரும் பார்த்தார்கள். உன் அப்பா தலைப்பாவை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு, சின்னப் பையன் அழுவதுபோல் ஏங்கி ஏங்கி அழுதார். நானும் அன்றைக்கு இரண்டாம் தடவையாக, அவரோடு சேர்ந்து அழுதேன்.

அழுததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய்ச் சாட்சி ஆகிவிடும். ஆகவில்லை. அன்றைக்குத் தூங்கினேன், அவ்வளவுதான் உடனே கிடைத்த பலன். மறுநாள் பசித்தது. நாக்கில் உப்பு தெரிய இன்னும் எத்தனையோ நாள் ஆயிற்று. நன்றாக இருக்கிறேன் என்று நினைக்கும்போது பழையபடி இழுத்துக்கொண்டுபோய்ப் போடும். அப்போதெல்லாம் உன் அப்பா, ஏளா வா என்று கூப்பிட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு பைய நடப்பார். பேச்சு இருக்காது சில நாள். சில நாள் செல்லப்பூவைப்பற்றியே பேசுவோம், சிரிப்புக்கூட வரும். இசக்கியம்மாளும் நானும் அவரவர் துணியை ஒரே துறையில் துவைத்தோம். இப்படி நடந்து, துவைத்து, சாப்பிட்டு, அழுதுதான் நான் மெல்ல மெல்ல வீட்டுக்குத் திரும்பி வந்தேன். ஒரு விடுமுறைக்கு நீ வந்தபோது வாசலுக்கு ஓடி வந்து உன்னைக் கட்டிக்கொண்டேனே, அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கூச்சப்பட்டாயே, அப்போதுதான் முழுவதும் வந்து சேர்ந்திருந்தேன்.

சபையில் விசாரணை வந்தது. அஞ்ஞானிகளோடு சேர்ந்து மாரடித்தாள் என்று குற்றம். என் பிள்ளைக்காக அழுதாள், நானும் அழுதேன், கல்லறையண்டையில் இயேசுவும் கண்ணீர் விட்டாரே என்றார் உன் அப்பா. நம்மை வேறு ஊருக்கு மாற்றினார்கள். இந்தப் பாதி யார் வாயிலும் ஏறவில்லை. முதல் பாதி மட்டும் ஊர் ஊராகப் போய், பாளையங்கோட்டையில் உன் போர்டிங்குக்கும் போய்ச் சேர்ந்தது. அழாத அம்மாள் என் அம்மாதான் என்று நீ முகம் மலர்ந்து சொன்னபோது, அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெயரைத் தவிர அந்த வருஷங்களில் நான் உனக்கு வேறு என்ன கொடுத்திருந்தேன்? அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம். அந்தப் பெயர் இப்படிச் சுற்றி வந்து ஞானப்பூவின் வாயை அடைக்கும் என்று எனக்குத் தெரியாது.

திருநெல்வேலியில் கலகம் நடந்து கடைகள் அடைத்துக் கிடந்த வருஷம் உனக்குக் கல்யாணம். அன்று ஞானப்பூ எதற்கெடுத்தாலும் சிரித்து, பெரியவர்களிடம் வசவு வாங்கினாள். அப்படிப்பட்டவள் உப்பில்லாத கஞ்சி காய்ச்சிக்கொண்டு இருக்கிறாள். அவளைக் கொஞ்சம் பார். கிருபையின் சட்டையையும் மரப்பாச்சியையும் கண்ணில் படாமல் எடுத்துப் பரணில் போடாதே. எப்போது எடுக்கலாம் என்று அவள் சொல்லட்டும். பிள்ளை பெயரை வீட்டில் சொல். நீ சொல்லாவிட்டால் அவளும் சொல்ல மாட்டாள். கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்ற வசனம் மெய்தான், ஆனால் பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்து அதைச் சொன்னவர் முதலில் சால்வையைக் கிழித்துக்கொண்டு தரையில் விழுந்தார், அதையும் சேர்த்துப் படி. ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து பிரசங்கம் செய்தால், நீ எழுந்து அவர்களுக்கு வெற்றிலைத் தட்டை நீட்டி வழியனுப்பு. பொழுது சாயும்போது அவளைக் கூட்டிக்கொண்டு குளத்துக்கரை வரை நட. நீ முன்னாலும் அவள் பத்தடி பின்னாலுமாக நடக்காதே. சேர்ந்து நட.

உனக்கும் சொல்கிறேன். நீ திடமாயிருப்பதாக எல்லோரும் சொல்வார்கள். கேட்க இனிப்பாக இருக்கும். அந்த இனிப்பை நான் தின்றவள், நம்பாதே. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுகிறாயா? விடிகாலையிலேயே விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாயா? படித்த பக்கத்தையே திரும்பப் படிக்கிறாயா? அதெல்லாம் அழுகைதான் எய்யா, வேறு வழியாக வெளியே வருகிறது.

சனிக்கிழமை விடியுமுன் புறப்பட வண்டிக்குச் சொல்லியிருக்கிறேன். திருநெல்வேலியில் ரயில் ஏறி, கங்கைகொண்டான் ஸ்டேஷனில் இறங்குவேன். கொஞ்ச நாள் உங்களோடு இருப்பேன். ஆனால் நான் வந்து சேருமுன் நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். அவள் அன்றைக்கு என்னைப் பார்த்தாளே, அந்தப் பார்வையோடு என்னை மறுபடியும் பார்க்கக் கூடாது. அதை என்னால் தாங்க முடியாது.

அவளிடம் போய், நான் சொன்னது தப்பு என்று சொல். உன் அத்தை அழுதாள் என்று சொல். பட்டப்பகலில், இன்னொரு வீட்டு முற்றத்தில், மார்பில் அடித்துக்கொண்டு, ஊரெல்லாம் கேட்க அழுதாள் என்று சொல். மாமாவும் அழுதார் என்று சொல். சொல்லிக்கொண்டிருக்கும்போது உனக்கும் வந்தால், நிறுத்தாதே.

உன்னைப் பார்த்து யாரென்று கேட்டுவிட்டு, பிறகு அறிந்துகொண்டவள்,
உன் அம்மா